குவைத் சாக்லேட் தின்று ஒன்பது கிலோ இளைத்த விவரம்

திண்டிவனம்,
22.11.1987

அன்பு மச்சான் முருகையனுக்கு, மாமா பெரியதம்பி எழுதும் கடிதம்.

இங்கே நான், உன் அக்கா அம்சா, லீவில் வந்தபோது உன்னை முட்டிய செவலைப் பசு ஆகிய மூவரும் சௌக்கியம். இதில் என் சௌக்கியம் மட்டும் ஆடி மாதத்தில் இருந்ததைவிட ஒன்பது கிலோ குறைவு. குவைத்தில் நீயும் உன் அறைக்காரர்களும் வேளைக்குச் சாப்பிட்டு, பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, குறையில்லாமல் இருக்க வேண்டுமென்று மயிலம் முருகனை வேண்டிக்கொள்கிறேன். நிற்க. இந்தக் கடிதத்தைத் தனியாகப் படி. படித்ததும் கிழித்துவிடு. உன் அக்காவுக்கு மூச்சு விடக்கூடாது.

விஷயம் என்னவென்றால், நீ விமானம் ஏறிய மறுவாரம் ஆடிக் கிருத்திகை. மயிலத்துக் கூட்டம் மொத்தமும் கூட்டேரிப்பட்டில் நின்றுகொண்டிருந்து, முதலில் வந்த வண்டியில், அதாவது நான் கண்டக்டராகப் போன விழுப்புரம் வண்டியில், ஏறிவிட்டது. நானும் வழக்கம்போல ‘உள்ள போ, உள்ள போ’ என்று கத்திக்கொண்டே பின்னாலிருந்து டிக்கெட் போட்டுக்கொண்டு வருகிறேன், நடு வழியில் ஒரு அம்மாள் மல்லாட்டை மூட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அரசாங்கமே வந்தாலும் நகர மாட்டேன் என்று நிற்கிறாள். அந்த மூட்டைக்கும் சீட்டுக் கம்பிக்கும் நடுவில் இருந்த மாதிரி இடத்தில் பதினாலு வருஷமாகப் போய் வந்தவன் நான். அன்றைக்குப் பாதி போனேன், மீதி வரவில்லை. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை, இரண்டு கையும் உடம்போடு ஒட்டி மாட்டிக்கொண்டது. விசில் சட்டைப் பையில் இருக்கிறது, கை தொடைப் பக்கம் இருக்கிறது, விக்கிரவாண்டி எதிரே வந்துகொண்டிருக்கிறது. இருபது பேர் ‘ஹோல்டான், ஹோல்டான்’ என்று கத்துகிறார்கள். டிரைவர் தாண்டவராயனைத்தான் உனக்குத் தெரியுமே, விசில் சத்தம் கேட்காமல் பிரேக்கில் கால் வைப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறவன். விக்கிரவாண்டி ஜனங்கள் இருபது பேரும் விழுப்புரம் பார்க்க வேண்டியதாகிவிட்டது. அங்கே மூட்டையைப் பிரித்து வேர்க்கடலையை அள்ளி வெளியே போட்ட பிறகுதான் என்னை உருவ முடிந்தது. அந்த அம்மாள் சும்மா இருந்தாளா? “ஏன்யா கண்டக்டரே, என் மூட்டைக்கு லக்கேஜ் போட்டியே, உனக்கு யாருய்யா லக்கேஜ் போடறது?” என்று பஸ் ஸ்டாண்டே கேட்கும்படி கேட்டாள். ஒரு டீக்கடைக்காரன் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

இருபது பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டார்கள். டிப்போவில் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் என்னை ஏற்றி நிறுத்திப் பார்த்து, “தொண்ணூத்தி மூணு. பொங்கல் கழிச்சு வருவீங்க, அப்ப எண்பத்திரண்டுக்குக் கீழ இருந்தாத்தான் வண்டி. இல்லன்னா ரிட்டையர் ஆவுற வரைக்கும் உள்வேலைதான்” என்று எழுதிவிட்டார். இப்போது நான் காணாமற்போன பொருள் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். என்னைச் சுற்றி நாற்பத்தோரு குடை, பதினேழு டிபன் கேரியர், ஒரு பல்செட். அந்த ரோட்டில் எந்தப் புளியமரத்தடியில் யார் கை காட்டுவார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன் மச்சான். இப்போது என்னை யாரும் ‘கண்டக்டரே’ என்று கூப்பிடுவதுமில்லை, திட்டுவதுமில்லை. மதியானத்தில் என் பழைய வண்டி டிப்போவுக்குள் திரும்பும் சத்தம் கேட்டால் என் கை தானாகச் சட்டைப் பையில் விசிலைத் தேடுகிறது. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

டாக்டர் அரை மணி நேரம் பேசியதில், கூட வந்திருந்த உன் அக்காவின் காதில் விழுந்தது இரண்டே விஷயம். இனிப்பு கூடாது, உடம்புக்கு வேலை கொடுக்க வேண்டும். அன்று சாயங்காலமே நீ கொடுத்துவிட்டுப் போன சாக்லேட் டப்பா அலமாரியிலிருந்து மறைந்துவிட்டது. “எங்கடி அது?” என்றேன். “எது?” என்றாள். “அதான், முருகையன் குடுத்தது.” “அது இருக்கற எடத்துல இருக்குது. நீங்க இருக்கற எடத்துல இருங்க” என்றாள். மச்சான், குற்றம் உன்னுடையதுதான். அதுவரைக்கும் எனக்கு இனிப்பு என்றால் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு ஜிலேபிதான், அதைக் கடிக்க வேண்டும், மெல்ல வேண்டும், பல்லில் ஒட்டியதை நாக்கால் நோண்ட வேண்டும். உன் சாக்லேட்டோ வாயில் வைத்ததும் யாரையும் கேட்காமல் அதுபாட்டுக்குக் கரைந்து போய்விட்டது. ருசி தெரிவதற்குள் காணாமல் போகிறதே என்று இன்னொன்று, அதுவும் போய்விட்டதே என்று இன்னொன்று. டப்பா மறைந்த பிறகு ஆறு நாள் தாக்குப்பிடித்தேன். காலையில் கேப்பைக் கூழ், மதியம் ஒரே ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி கோதுமைத் தோசை என்று ஒன்று, அதைத் தோசை என்று சொன்னால் தோசைக்கே கோபம் வரும். ஏழாம் நாள் வீட்டைச் சோதனை போட்டேன்.

டப்பா எங்கே இருந்தது தெரியுமா? கேப்பை டிரம்முக்குள், கேப்பைக்கு அடியில்! அந்த டிரம்முக்கு மேலே அம்மிக்கல்லை வேறு ஏற்றி வைத்திருக்கிறாள் மகராசி. தினமும் விடிந்ததும் அவள் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போவாள். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் நான் அம்மிக்கல்லை இறக்கி, முழங்கைவரை கையை விட்டுத் துழாவி, ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டு, மறுபடியும் கல்லைத் தூக்கி ஏற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோக்கியன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒன்றுக்கு மேல் எடுத்ததில்லை, முருகன் மேல் ஆணை. சாட்சிக்கு அவரையே வைத்துக்கொள், தின்ற ஜிகினாத் தாளையெல்லாம் அவர் படத்துக்குப் பின்னால்தான் செருகி வைக்கிறேன்.

இனிதான் முக்கியமான விஷயம். சாக்லேட் தின்றால் உடம்பு ஏறும் என்கிறார் டாக்டர். எனக்கு இறங்குகிறது! விழுப்புரம் ஜங்ஷனில் விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு எடை மிஷின் நிற்கிறதே, காசு போட்டால் முன்பக்கம் எடையும் பின்பக்கம் ஜோசியமும் அடித்து அட்டை கொடுக்குமே, அதில் வாராவாரம் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் ஏறி நிற்கிறேன். தொண்ணூற்று மூன்று தொண்ணூறு ஆனது, எண்பத்தெட்டு ஆனது, நேற்று எண்பத்து நான்கு. நேற்றைய ஜோசியம், ‘உமது முயற்சிக்கு வீட்டார் துணை நிற்பர்’. பிளாட்பாரத்தில் நின்று தனியாகச் சிரித்தேன். அம்மிக்கல்லை ஏற்றி வைத்தவளா துணை? இத்தனைக்கும் கூழும் தோசையும் ஜெயில் கைதிகூடத்தான் தின்கிறான், அதனால் இளைத்தேன் என்று நான் நம்பவில்லை. காரணம் உன் சாக்லேட்தான். அதில் ஒரு சத்து இருக்கிறது. ஒன்றே ஒன்று தின்றுவிட்டு வேலைக்குப் போனால் மதியம்வரை பசி எட்டிப் பார்ப்பதில்லை, பஜ்ஜிக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறேன். முதல் நாலு நாள் முன்பு மாதிரியே வாயில் கரைந்துகொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு சாக்லேட் நன்றாக முதிர்ந்து, மென்று தின்கிற பதத்துக்கு வந்துவிட்டது. டிரம்முக்குள் கிடப்பதால் லேசாகக் கேப்பை வாசனை வருகிறது, அது ஒரு குறையில்லை. உன் தாராள மனசையும் சொல்ல வேண்டும், மூன்று மாதமாகத் தினமும் எடுக்கிறேன், டப்பா குறைந்தபாடில்லை. உன் அக்கா அதை எண்ணி வைக்காதது நம் அதிர்ஷ்டம்.

நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்றுதான் இதையும் எழுதுகிறேன். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் மாசிலாமணி சாருக்குப் போன வாரம் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். லஞ்சம் இல்லை, மரியாதை. அவருடைய மைத்துனர் பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர், வருஷத்துக்கு ஒருமுறை பாரிசிலிருந்து சாக்லேட் கொண்டுவருவார். ஆகவே மாசிலாமணி சாருக்குத் தெரியாத சாக்லேட் கிடையாது. வாயில் போட்டார். கண்ணை மூடினார். “யோவ் பெரியதம்பி! இதாம்பா சாக்லேட்டு! பாரிஸ் சரக்கெல்லாம் இதுகிட்ட நிக்காது. உள்ள ஏதோ பருப்பு போட்டுக்கிறான் பாரு, அது நம்ம நாட்டுலயே வெளையாது. நம்மாளு தலைகீழா நின்னாலும் இது மாதிரி பண்ண வராதுய்யா” என்றார். பொங்கல் கழித்து எடை சரியாக இருந்தால் திண்டிவனம் ரூட்டையே திரும்பக் கொடுப்பதாகவும் வாயாரச் சொல்லிவிட்டார்.

ஆக, இன்னும் இரண்டு கிலோவுக்கு மேல் இறங்க வேண்டும், இருப்பது இரண்டு மாதம். ஆனால் பேஜாரு என்னவென்றால், இரண்டு வாரமாக டப்பாவில் வருவது பழைய சரக்காக இருக்கிறது. தாள் கசங்கி, ஓரம் கிழிந்து, சிலதில் தாள் பாதிதான் சுற்றியிருக்கிறது. உன் கம்பெனி பச்சைமுத்து பொங்கலுக்குத் திருவெண்ணெய்நல்லூர் வருகிறாராமே, அவரிடம் அதே சாக்லேட், அதே ஜிகினாத் தாள், இரண்டு டப்பா ஜல்தியாகக் கொடுத்தனுப்பு. வீட்டுக்கு வேண்டாம். விழுப்புரம் டிப்போ, காணாமற்போன பொருள் அறை என்று கேட்டு வந்து என் கையிலேயே கொடுக்கச் சொல். மச்சான், மறுபடியும் வண்டி ஏறி விசிலை வாயில் வைப்பது இனி உன் கையில்தான் இருக்கிறது.

நீ நீடூழி வாழ்ந்து, அடுத்த லீவுக்குள் உனக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்து, கல்யாண வண்டிக்கு நானே கண்டக்டராக நின்று உன்னை அழைத்துவர மயிலம் முருகன் அருள் புரியட்டும். அறைக்காரர்கள் எல்லோருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் நலம் கோரும் மாமா,
சி. பெரியதம்பி
(பொங்கலுக்குப் பிறகு, கண்டக்டர்)

பி.கு.: தம்பி முருகையா, அக்கா பின்பக்கத்துல எழுதறேன். இந்த லெட்டரு தொவைக்கப் போட்ட சட்டைப் பையில இருந்துச்சு. அக்காவுக்குத் தெரியக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சா, அதனால முழுசா படிச்சேன். நீ குடுத்த சாக்லேட்டு ஆவணி மாசமே தீர்ந்துபோச்சுடா. தின்னது நான். டாக்டரு சொன்னதும் யாருக்காவது குடுத்துடலாம்னு எடுத்து ஒளிச்சு வெச்சேன். ஒண்ணு வாயில போட்டுப் பாத்தேன், அப்புறம் குடுக்க மனசு வரலை. உங்க மாமா மொத நாளு டிரம்முல கைய வுட்டுத் தேடிக்கினு இருந்தப்போ நான் கொடத்தோட திரும்பி வந்துட்டேன், ஜன்னலு வழியா பாத்தேன். முழங்கை வரைக்கும் கேப்பை, மூஞ்சி பூரா பயம். வண்டி போனதுலேர்ந்து அந்த மனுசன் சிரிச்சு நான் பாக்கல, அன்னிக்கு டப்பா கையில தட்டுனதும்தான் சிரிச்சாரு. அதையும் புடுங்கிக்க எனக்கு மனசு வரலைடா. மறுபடியும் குழாயடிக்கே போயிட்டேன்.

நாலு நாளு கழிச்சு டப்பா காலி. பெறவு அவரு தெனமும் தின்னுக்கினு இருக்கறதெல்லாம் கேப்பை மாவை நல்லா கருக வறுத்து, துளி பனவெல்லம் போட்டு நான் உருட்டினது. நான் தின்ன தாளையும், அவரு முருகன் படத்துக்குப் பின்னாடி சொருவி வெச்ச தாளையும் எடுத்து நகத்தால நீவி, திரும்பச் சுத்தி வெப்பேன். போன வாரம் உருட்டினதுல மல்லாட்டை பொடிச்சுப் போட்டிருந்தேன், மாசிலாமணி சாரு தின்னது அதான். அம்மிக்கல்லு டாக்டரு சொன்ன எக்சைசு. ஒம்போது கிலோ போச்சுன்னு எழுதியிருக்காரே, அது வீட்ட வுட்டு எங்கியும் போவல. போன வாரம் விழுப்புரம் போனப்போ நானும் அந்த மிஷின்ல ஏறி நின்னேன், அம்பத்திரண்டு இருந்தவ அறுபத்தொண்ணு.

லெட்டர மறுபடியும் மடிச்சு அவரு பையிலயே வெச்சுடறேன், ஒட்டுறப்போ திருப்பிப் பாக்க மாட்டாரு, அவரே போஸ்ட்டு பண்ணுவாரு. நீ எதுவும் காட்டிக்காத. வண்டி கெடைக்கற வரைக்கும் அவரு தின்னுறது குவைத்து சாக்லேட்டாவே இருக்கட்டும். எனக்கு இப்ப ஒரே கஷ்டம் தாளுதான், எல்லாம் நைஞ்சு போச்சு. அதனால சாக்லேட்டை நீயும் உன் ரூமு ஆளுங்களும் தின்னுட்டு, தாளை மட்டும் கசங்காம பச்சைமுத்துகிட்ட குடுத்தனுப்பு. டிப்போவுக்கு வாணாம், அவரு வேலைக்குப் போன பெறவு வீட்டுக்கு வரச் சொல்லு. ஆனா தம்பி, வெறுந்தாளா கொண்டாந்தா ஏர்போர்ட்டுல சந்தேகப்பட்டுப் புடிச்சு வெச்சுக்குவாங்களாம். அதுக்காக ஒரு அம்பது, அறுபதுல மட்டும் சாக்லேட்டும் உள்ள இருக்கட்டும்.