கும்பாங்கும் பெலாங்கும் வாய மூடின கதை

வியாழக்கிழமைக்குள்ள நாய் ரெண்டையும் ஊமையாக்கிடணும்னு ஷஃப்ரிசால் முடிவு பண்ணிட்டான். உசுரே போனாலும் சரி. யாரோட உசுருன்னு அவன் இன்னும் முடிவு பண்ணல.

பொண்டாட்டி அஸ்னிமாரோட தாய்மாமன் திங்கக்கிழமை காலையில வந்து, படியேறாமலே சொல்லிட்டுப் போனார்: "மாப்பிள்ள, சுத்தி இருக்கவங்க காது போச்சுன்றாங்க. வியாழன் சாயங்காலம் வருவேன். சத்தம் நிக்கலேன்னா நாய் ரெண்டும் போயிடணும்."

எதுத்துப் பேச முடியுமா? சுமத்ராவுல, எங்க பாயாகும்புப் பக்கம் வீடு பொண்டாட்டியோடது. மண்ணு அவ அம்மாவழி. பக்கத்து வீடு அவ அக்கா நுர்பெட்டி, பின்வீடு சித்தி. அவனுக்குன்னு இருக்குறது இந்த ரெண்டு வேட்டை நாய்தான். ஞாயித்துக்கிழமை பன்னி வேட்டையில கும்பாங்கும் பெலாங்கும் முன்னால பாஞ்சாத்தான், பின்னால வர்ற இவனை நாலு பேரு 'வாங்க'ன்றாங்க.

முதல் திட்டம் முட்டை. குரைக்கிறத நிறுத்துனா ஒரு முட்டை. மத்தியானத்துக்குள்ள நாய்ங்களுக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு. நிறுத்தணும்னா மொதல்ல குரைக்கணும்ல?

"வீட்டுல முட்டையே இல்லங்க," ன்னா அஸ்னிமார்.

"என்னா அறிவு பாத்தியா? நல்ல ரகம்."

"உங்களையும் நல்ல ரகம்னுதான் எங்க வீட்டுல மாப்பிள்ள கேட்டாங்க."

அடுத்தது, கூண்டைச் சுத்திக் கோணிப்பை. இருட்டைப் பாத்ததும் ரெண்டும் ஊளையிட ஆரம்பிச்சுது. சித்தி ஜன்னலைச் சாத்துன சத்தம் ஊளைய விடப் பெருசா கேட்டுச்சு.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அதுங்க எப்ப குரைக்குது?" ன்னா அஸ்னிமார்.

"நான் இல்லாதப்ப."

"நீங்க எப்ப இல்ல?"

அவன் யோசிச்சான். காலையில காப்பிக்கடை, டோமினோ ஆட்டம். மத்தியானம் காப்பிக்கடை, டோமினோ. "நடுவுல சோத்துக்கு வர்றேன்ல?"

"ஆமா, அந்த நேரம் அமைதியாத்தான் இருக்கு."

சட்டுனு அவன் மூஞ்சி மலர்ந்துச்சு. "கண்டுபுடிச்சிட்டேன் அஸ்னி. நான் பக்கத்துலயே உக்காந்துட்டா?"

"அட. எனக்குத் தோணலையே," ன்னா அவ.

செவ்வாக்கிழமை கூண்டுக்கு எதுத்தாப்புல முக்காலி போட்டு உக்காந்தான். மூச்சு விடல ரெண்டும். கொஞ்ச நேரத்துல, அஸ்னிமார் சிப்ஸ் போட வச்சிருந்த மரவள்ளிக் கிழங்கு ஒரு கூடை வந்து முன்னால இறங்குச்சு.

"சும்மாதான உக்காந்திருக்கீங்க."

"நாய்ப் பக்கத்துலயா?"

"நாயத் தொடாதீங்க. கிழங்கைத் தொடுங்க."

புதன்கிழமை ரெண்டு கூடை. கூட்டாளி லுக்மான் மோட்டார் பைக்ல வந்து வேலிகிட்ட நின்னான். "ஒரே ஒரு ஆட்டம்டா, வந்துட்டு ஓடிரு." ஷஃப்ரிசால் எந்திரிச்சான். கும்பாங் வாயத் தொறந்துச்சு. ஷஃப்ரிசால் உக்காந்துட்டான். "போடா, எனக்கு வேலை இருக்கு." கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வியாழன் சாயங்காலம் மாமன் வந்தார். காதைத் தீட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னார். கத்தி கிழங்கைச் சீவுற சத்தம் மட்டும்தான்.

"நாய் இருக்கட்டும் மாப்பிள்ள."

ஷஃப்ரிசாலுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஜெயிச்சிட்டான்.

"இந்த மூணு நாளா என்ன பண்ணுனியோ, அதையே தினம் பண்ணு. ஞாயித்துக்கிழமை வேட்டைக்குப் போ, நான் கேக்க மாட்டேன்," ன்னுட்டு, அஸ்னிமார் நீட்டுன சிப்ஸ் பொட்டலத்தை வாங்கிக்கிட்டு மாமன் போனார்.

வேலிக்கு அந்தப் பக்கத்துலருந்து நுர்பெட்டி எட்டிப் பாத்தா. "எப்படிடி சத்தத்தை நிறுத்துன?"

"மூணையும் ஒரே எடத்துல கட்டிப்போட்டேன்க்கா."