குவாலி அண்ணனின் காலாட்படை

மலாயாவின் கெடா மாநிலத்தில் காலாட்படைப் போர்முறையைக் கரைத்துக் குடித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் ஒரு முறைகூடத் துப்பாக்கி சுட்டதில்லை. ஜித்ராவில் ஜப்பான்காரனிடம் தோற்றுத் தெற்கே ஓடிய வெள்ளைக்காரப் பட்டாளத்தின் சமையல்காரர் அவர். தன் குவாலியை, அந்தப் பெரிய இரும்பு வாணலியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வேகத்துக்கு ஓட முடியாமல், சுங்கை லாலாங் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். குவாலி அண்ணன் என்று கூப்பிட்டோம். வேறு பெயர் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

ஜப்பான்காரன் காலம். சயாமில் ரயில் பாதை போட லாரியில் வந்து ஆள் பிடித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ஒரே காலையில் இருபத்துமூன்று பேர். தினமும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசை கட்டிப் பழகியவர்கள், லாரியைப் பார்த்ததும் வரிசை கட்டி நின்றார்களாம்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"வரிசையா நின்னு செத்த காலம் போச்சுலா! முன்னெல்லாம் வெள்ளைக்காரனே தோளோட தோள் ஒட்டி நின்னுதான் சுடுவான். மெஷின்கன் வந்து மொத்தமா அறுத்துச்சு. அப்புறந்தான் புத்தி வந்துச்சு. பத்துப் பேருக்கு ஒரு செக்‌ஷன். ஆளுக்கு அஞ்சு கஜம் இடைவெளி. நான் குவாலியைத் தட்டுனா செதறிப் படுக்கணும்!"

ஆண்கள் நாங்கள் நாற்பத்தொரு பேர். பத்துப் பத்தாகப் பிரித்ததில் நான் ஒருவன் மிஞ்சினேன். எனக்கு அந்தக் கவலை. மற்றவர்களுக்குத் தலைவர் பதவிக் கவலை.

"கோயில்ல முதல் மரியாதை எங்களுக்கு. இங்கயும் நாங்கதான்!" என்றார் சின்னசாமி.

"சரி. முதல்ல சாகுறவன் தலைவன்," என்றார் அண்ணன். அதற்குப் பிறகு நாற்பது பேரும் தொண்டர்களாகவே இருக்கச் சம்மதித்தார்கள்.

ஒரு தூறல் காலையில் லாரி வந்தது. குவாலி ஒலித்தது. லாலாங் புல்லிலும் சாக்கடையிலும் அஞ்சு கஜம் தள்ளித் தள்ளிப் படுத்துவிட்டோம். பெரட்டுக் களத்தில் ஒரு கோழிகூட இல்லை. ஜப்பான் அதிகாரி, தினமும் எங்களைப் பேர் கூப்பிடும் கங்காணியின் கழுத்தைப் பிடித்து, பெயர்களைக் கூப்பிடச் சொன்னான்.

"முனியாண்டி!"

"இருக்கேன் கங்காணி!" என்றது புல்.

"சின்னசாமி!"

"இருக்கேன்!" என்றது சாக்கடை.

பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். சிப்பாய்கள் குரல் வந்த பக்கம் திரும்பினார்கள். மூன்றாவது பெயர் என்னுடையது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

அப்போது அண்ணன் குவாலியை அடித்தபடி, நடுக்களத்தில் நேராக லாரியை நோக்கி அணிவகுத்து வந்தார்.

"லெப்ட்! ரைட்! பேரைக் கூப்புட்டா வாயத் தொறக்காதீங்கடா, கழுதைங்களா! லெப்ட்! ரைட்! பின்னால ஊர்ந்து போங்கடா!"

தமிழ் புரிந்த ஒரே ஆள் கங்காணி; அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். அதிகாரி அறைந்தான். அண்ணன் நிறுத்தவில்லை. அந்தச் சத்தத்தில் நாங்கள் நாற்பத்தொரு பேரும் ரப்பர்க் காட்டுக்குள் ஊர்ந்துவிட்டோம். லாரி அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போயிற்று.

அவர் திரும்பியதாகச் செய்தி இல்லை. இறந்ததாகவும் இல்லை. வருடாவருடம் மாரியம்மன் கோயிலில் அவருக்காக ஓர் அர்ச்சனை செய்கிறேன். ஐயர் பெயர் கேட்கும்போது, என் பெயரையே சொல்லிவிடுகிறேன்.