மஞ்சள் படி

படியில் ஒட்டிய மஞ்சள் டேப், வஹீதுன்னிசாவின் காலோடு சமையலறை வரை வந்துவிட்டது.

"இன்னாங்க இது? படியில ஒட்டுனீங்களா, என் கால்ல ஒட்டுனீங்களா?"

சாதுல்லா வாசலில் குந்தியிருந்தார். "படி ஓரம் பளிச்சுனு தெரியணும்ல? ஞாயித்துக்கெழம அந்தப் பொண்ணு வருது."

அந்தப் பெண் சஹர். அவர்கள் மகன் முஜீபோடு அம்பத்தூர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. கட்டினால் அவளைத்தான் என்று முஜீப் ஒற்றைக்காலில் நின்றான். அவளோ, "உங்க வீட்டுல ஒரு தடவை நடந்து பார்த்துட்டுத்தான் பதில் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டாள். இது தட்டிப்போனால் அவன் இன்னொரு பெண்ணைப் பார்க்க மாட்டான். பெற்றவளுக்கு அது தெரியும்.

ஆகவே, சென்னீர்குப்பத்து வீட்டை அவளுக்கு ஏற்றபடி மாற்றும் பொறுப்பைச் சாதுல்லா எடுத்துக்கொண்டார். வினையே அங்கேதான் தொடங்கியது. திருமழிசைக் கம்பெனியிலிருந்து ரிட்டையர் ஆனதிலிருந்தே மனுஷர் ஒரு மாதிரி. முட்டி வலி என்று ஸ்கூட்டரைத் தொடுவதில்லை. எல்லாம் பொய் என்று பேப்பரை நிறுத்திவிட்டார். இப்போது கையில் ஒரு வேலை கிடைத்ததும் ஆளைப் பிடிக்க முடியவில்லை.

டேப் நிற்காததால் பெயிண்ட் வந்தது. வாசல்படி எல்லாவற்றுக்கும் மஞ்சள் எனாமல். அது காய்வதற்குள் முஜீப் ஆபீஸிலிருந்து வந்து ஏறிவிட்டான். பாத்ரூம் வரைக்கும் மஞ்சள் பாதங்கள்.

"அத்தா, ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா?"

"அவ்ளோ மஞ்சளா அடிச்சு வெச்சிருக்கேன். உனக்கு இன்னா கண்ணு தெரியலியா?"

தின்னர் ஊற்றித் தேய்த்ததில் மஞ்சள் போயிற்று. தரையின் பளபளப்பும் கூடவே போயிற்று. அதை மறைக்க ஜமக்காளம் விரித்தார். ஜமக்காளத்தின் ஓரம் தடுக்கி வஹீதுன்னிசா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓரத்தை அமுக்க ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தார். அன்று சாயங்காலமே அந்த ஸ்டூலில் அவரே மோதிக்கொண்டார்.

"வெச்சதே நீங்கதான!"

"வெளிச்சம் பத்தல" என்றார் முழங்காலைத் தேய்த்தபடி.

மறுநாள் பல்பு வந்தது. ஒன்றல்ல, கூடத்துக்கு மட்டுமே நான்கு. பக்கத்து வீட்டுக் கமலம் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"இன்னா வஹீதா, ஊட்டுக்குள்ள கிரிக்கெட் மேட்ச் நடக்குதா?"

ஊரில் இருந்த ஈசல் எல்லாம் மேட்ச் பார்க்க வந்துவிட்டது. பாதி குழம்பில் விழுந்தது.

"பார்வையில்லாத பொண்ணுக்கு இவ்ளோ வெளிச்சம் எதுக்குங்க?"

"டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டரு?"

"செல்லுல ஒருத்தரு. உனக்கு இன்னா தெரியும், போ."

வஹீதுன்னிசா உட்கார்ந்து குழம்பிலிருந்து இறக்கைகளைப் பொறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சஹர் தன் அம்மாவோடு வந்தாள். சலாம் சொன்னாள். அம்மாவின் கையை விட்டுவிட்டு, கோலைத் தட்டிக்கொண்டு தானாகவே படியேறினாள். முஜீப் சுவரோடு சுவராக நின்றான்.

"வாம்மா, நான் வழி காட்டுறேன்" என்று சாதுல்லா முந்திக்கொண்டு வந்தார்.

சஹரின் கோல் ஸ்டூலில் பட்டது. அவள் விலகி நடந்தாள். அவளுக்குப் பக்கத்தில் வந்த சாதுல்லா ஸ்டூலோடு சேர்ந்து விழுந்தார்.

'போச்சு' என்று நினைத்துக்கொண்டாள் வஹீதுன்னிசா.

முஜீப் அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு மறுபடியும் சுவரோரம் போய் நின்றான். சஹர் சமையலறை, பாத்ரூம், மாடிப்படி என்று ஒரு சுற்று நடந்து வந்து உட்கார்ந்தாள். டீ வந்தது. சாதுல்லா நீட்டிய கை டம்ளரைத் தாண்டிப் போய் அதைத் தட்டிவிட்டது. டீ ஜமக்காளத்தில் ஓடியது.

வஹீதுன்னிசாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"தப்பா நெனைக்காதம்மா. இந்த மனுஷன் ஒரு வாரமா ஒரு நிமிஷம் உக்காரல. படிக்கு மஞ்ச பெயிண்ட், கூடத்துக்கு நாலு பல்பு, சுவத்துல இம்மாம் பெரிய நம்பர் போட்ட கடியாரம். எல்லாம் உனக்காகத்தான். வர்ற மருமக கஷ்டப்படக் கூடாதுன்னு..."

சாதுல்லா கொட்டிய டீக்குப் பக்கத்தில் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். டீ இருந்த இடத்தில் அல்ல.

சஹர் மெல்லச் சிரித்தாள். "வீடு எனக்குப் புடிச்சிருக்கு மாமி. இங்க என்னால நடக்க முடியும்."

முஜீப் சுவரைவிட்டு நகர்ந்தான்.

"ஆனா மஞ்சளும் வெளிச்சமும் எனக்கு எதுக்கு? அதெல்லாம் கொஞ்சம் பார்வை மிச்சம் இருக்கறவங்களுக்கு" என்றாள் சஹர். துணி தேய்க்கும் சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"மாமாவுக்கு எவ்ளோ நாளா கண்ணு சரியா தெரியல, மாமி?"