காத்திருப்போர் யாருமில்லை

வீடில்லாதோருக்கு வீடு கட்டித் தருவதைவிட அவர்களுடைய பெயர்களைக் காப்பது எளிது. ஆகவே வீட்டு ஒதுக்கீட்டு வாரியம் அந்த அறப்பணியை முதலில் மேற்கொண்டது.

காத்திருப்போர் பட்டியல் வாரியத்தின் கணினியில் இருந்தது. மாலைதோறும் அதன் நகலைக் கணினி ஒரு வெளி நிறுவனத்தின் சேமிப்பு மென்பொருளிடம் ஒப்படைக்கும். மென்பொருள் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று பதிலுரைக்கும். உடனே சேமிப்புப் பிரிவு மேலாளரின் மேசையில் பச்சை விளக்கு எரியும். அவர் வீட்டுக்குக் கிளம்புவார். ஏழாண்டுகளில் அது ஒருநாளும் சிவந்ததில்லை. அதனால் அலுவலகமே அவரைப் ‘பச்சை விளக்கு’ என்றழைத்தது. பழுதற்ற பணிக்காக இயக்குநர் தம் திருக்கரத்தால் கேடயமும் வழங்கியிருந்தார்.

அந்தப் பட்டியலில் ஒரு பேருந்து ஓட்டுநர் பன்னிரண்டாவதாக இருந்தார். மனைவி நிறைமாதம், இருக்கும் வீட்டை மாத இறுதிக்குள் காலி செய்யவேண்டும். வரவிருந்ததோ பத்தே வீடுகள்.

இந்நிலையில் கணினியில் பட்டியல் பதிந்திருந்த வட்டு உயிர்நீத்தது. எவரும் கலங்கவில்லை, நகல்தான் இருக்கிறதே! புதிதாகப் பணியேற்றிருந்த பெண் பொறியாளர் அதைக் கேட்டு வாங்கித் திறந்தார்.

“சார், உள்ள ஒண்ணுமே இல்ல!”

“விளக்கு பச்சையா எரியுதா?” என்றார் பச்சை விளக்கு.

“எரியுது.”

“அப்புறம் என்னம்மா?”

“எடுத்தா வரலையே சார்!”

“வைக்கிறது என் பிரிவு. எடுக்கிறது உங்க பிரிவு. என் பக்கம் சரியாத்தான் இருக்கு.”

மென்பொருள் நிறுவனத்தைக் கேட்டால் பட்டியலை அனுப்பும் தரவுத்தளத்தைக் கேளுங்கள் என்றது. தரவுத்தளமோ சேமிப்பு மென்பொருளை அணுகவும் என்று திரையில் எழுதியது. பந்தியில் சோறு தீர்ந்தால் சம்பந்திகள் ஒருவரையொருவர் கைகாட்டுவார்களே, அந்த மரியாதை குறையவில்லை.

பொறியாளர் தோண்டித் துருவியதில் உண்மை வெளிப்பட்டது. இணைப்பைச் சோதிக்க நிறுவனத்தார் முதலில் ஓர் ஒத்திகை நிரலைப் பொருத்தியிருந்தனர். கொடுப்பதையெல்லாம் அது வாங்கும், ‘பெற்றுக்கொண்டேன்’ என்னும், கீழே போட்டுவிடும். சோதனை முடிந்ததும் அதை அகற்றி மெய்யான நிரலை வைக்கவேண்டும். அவ்வளவு நன்றாக வேலை செய்வதை அகற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

பொறியாளர் மெய்யான நிரலைப் பொருத்தினார். ‘சேமிக்க இடமில்லை’ என்று அது உண்மையைச் சொன்னது. விளக்கு சிவந்தது. அலுவலகம் திரண்டு வந்து அந்த அவமானத்தைப் பார்த்தது.

“ஏழு வருஷம் ஒரு குறை உண்டா? நீங்க கை வெச்சீங்க, சிவந்துடுச்சு! பழையதையே போடுங்க” என்றார் இயக்குநர்.

“அது எதையும் வெச்சுக்காது சார்.”

“இருங்க. பேக்கப் வெற்றின்னு சான்று இருக்கா?”

“இருக்கு சார்.”

“வெற்றியான நகல்ல யார் பேராவது இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப காத்திருக்கிறவங்க யாருமில்ல!”

‘வாரியத்தின் அயராத முயற்சியால் வீடில்லாக் குறை அறவே நீங்கிற்று’ என்ற அறிவிப்பு வாசலில் ஒட்டப்பட்டது. அதைப் படித்த ஓட்டுநர் உள்ளே பாய்ந்தார்.

“என் பேரு எங்க சார் போச்சு? பன்னெண்டாவதா இருந்துச்சே!”

“யார் பேரும் இல்லப்பா. இங்க எல்லாரும் சமம்” என்றார் பச்சை விளக்கு. “புதுசா எழுதிக்கொடு. நீதான் முதல் ஆளு.”

ஓட்டுநரின் கோபம் பாதியில் நின்றது. எழுதிக் கொடுத்துவிட்டு மனைவிக்குப் போன் போட்டார். “ஏய், நாமதான் முதல்! சட்டி பானையைக் கட்டி வை!” அவருக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை முளைத்துவிட்டது.

அப்போது பொறியாளர் ஓடிவந்தார். “அண்ணா, நல்ல சேதி! செத்த வட்டைப் பிரிச்சுப் படிக்கிறவங்க கிடைச்சுட்டாங்க. பழைய பட்டியல் அப்படியே வந்துடும்!”

ஓட்டுநர் குரலைத் தாழ்த்தினார். “எதுக்கும்மா வீண் சிரமம்?”

“உங்களுக்கு முன்னாடி பதினோரு பேர் இருந்தாங்களே அண்ணா!”

“தெரியும். அதுல ஒருத்தன் என் மச்சான்.”

“அப்ப?”

“நல்லா இருக்கட்டும்மா. அடுத்த வருஷம் நல்லா இருக்கட்டும்.”

வரிசை முழுவதும் தலையாட்டியது. வட்டைத் தோண்ட வேண்டாமென்ற மனுவில் அனைவரும் ஒப்பமிட்டனர். மக்கள் கருத்துக்கு வாரியம் தலைவணங்கிய முதல் நாள் அது; வட்டு அன்றே பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று. கணினியில் பொருத்திய மாற்று வட்டு, செத்த வட்டோடு ஒரே பெட்டியில் வந்திறங்கிய உடன்பிறப்பு.

நன்மக்களே, பொய்யை வெறுப்பது அரிய பண்பு. அதிலும் அரியது, நமக்கு முதலிடம் தரும் பொய்யை வெறுப்பது.

மாலையில் புதிய பட்டியல், மீண்டும் பொருத்தப்பட்ட ஒத்திகை நிரலிடம் ஒப்படைக்கப்பட்டது. விளக்கு எரிந்தது.

“அது என்ன சார் பச்சையா?” என்றார் ஓட்டுநர்.

“உன் பேரு பத்திரமா இருக்குன்னு அர்த்தம்.”

பொறியாளர் வாயைத் திறந்தார். வரிசை அவரை முறைத்தது.

ஓட்டுநர் செருப்பைக் கழற்றிவிட்டு விளக்கைக் கும்பிட்டார்.