பன்னிரண்டு மாதச் சந்திப்பு

ஒன்பதாவது கையெழுத்தைப் போடும்போது உளவியல் ஆலோசகருக்கு விரல் மரத்துப்போனது.

"என்ன பண்றீங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸ் வேலை."

"அதுக்கு எதுக்கு இத்தனை பேனா?"

"ஒரு வருஷக் கையெழுத்தெல்லாம் ஒரே மையில இருந்தா சந்தேகம் வரும்."

"பொய் சொன்னா மனசு என்ன பாடுபடும்னு போன வாரம் ரேடியோவுல பேசினது நீங்கதானே?"

அவர் பேனாவை மாற்றிப் பத்தாவதைப் போட்டார்.

விஷயம் இதுதான். ஊரார் கவலையைக் கேட்கிறவர்கள் மாதம் ஒருமுறை சக ஆலோசகர் ஒருவரைச் சந்தித்து, தங்கள் கவலையைச் சொல்லவேண்டும். அவருடையதையும் கேட்கவேண்டும். சந்தித்ததற்குச் சாட்சியாக அந்தச் சக ஆலோசகர் போடவேண்டியது வருடத்துக்குப் பன்னிரண்டு கையெழுத்து. இல்லையென்றால் கவுன்சில் உரிமத்தைப் புதுப்பிக்காது, கடையைக் கட்டவேண்டியதுதான்.

இவருடைய ஜோடி, கல்லூரி நண்பன். உடம்பைப் பார்த்து அந்த நாளிலேயே வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. "அடுத்த மாசம் கண்டிப்பா வர்றேண்டா" என்று மாதாமாதம் இவர் செய்தி அனுப்புவார். "சரிடா, இருக்கேன்" என்று பதில் வரும். சில மாதம் கழித்துப் பதில் வருவது நின்றது. அவனுக்கும் வேலை போலிருக்கிறது என்று இவரும் விட்டுவிட்டார்.

"இப்பவாவது நேர்ல போய் வாங்கலாமே?" என்றாள் மனைவி.

"வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காம, கையெழுத்துக்கு மட்டும் எந்த மூஞ்சியோட போறது?"

படிவம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் கவுன்சில் அதிகாரி அம்மாள் போன் செய்தார்.

"பன்னிரண்டு கையெழுத்தும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு சார். நாளைக்குக் கையெழுத்துப் போட்டவரையும் கூட்டிட்டு வாங்க."

மருந்துக்கடை வைத்திருக்கும் மைத்துனன், நண்பனாக நடித்துக் கைகொடுக்க முன்வந்தான். ஆள் பீப்பாய்.

"டேய், அவன் ஒட்டடைக்குச்சிடா!"

"ஒல்லியா இருந்தவன் குண்டாகக் கூடாதா அத்தான்?"

"உயரம்?"

"உட்கார்ந்தே பேசிடறேன்."

மறுநாள் அதிகாரி எடுத்த எடுப்பில் கேட்டார். "பன்னிரண்டு தடவை பேசியிருக்கீங்க. இவர்கிட்ட என்ன குறை கண்டீங்க?"

இதற்கு ஒத்திகை பார்க்கவில்லை. மைத்துனன் தெரிந்ததைச் சொன்னான்.

"வர்றேம்பாரு, வரமாட்டாரு மேடம். என் கடை திறப்புக்கே எல்லாரும் போனப்புறம்தான் வந்தாரு."

"கடையா?"

"ஆலோசனைக் கடை! போன் பண்ணா எடுக்கமாட்டாரு. ஊராருக்கெல்லாம் மணிக்கணக்கா காது கொடுப்பாரு, வேண்டியவங்களுக்கு அஞ்சு நிமிஷம் கிடையாது."

வாயை அடைக்க, ஆலோசகர் மேசைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தார். 'ஆ!' என்று கத்தியது அதிகாரி.

மைத்துனன் அதோடு நிறுத்தவில்லை. வேகமாகச் சொல்லிக்கொண்டே போனான். அதிகாரி காலைத் தேய்த்துக்கொண்டே எழுதிக்கொண்டார். எழுத எழுத, அத்தனையும் நிஜம் என்பது ஆலோசகருக்கு உறைத்தது. இப்படி யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. சொல்லவேண்டியவனை அவர் பார்க்கப் போனதுமில்லை.

அதிகாரி நண்பனின் பதிவு எண்ணைக் கணினியில் தட்டினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலோசகருக்குத் தாங்கவில்லை. எழுந்துவிட்டார்.

"மேடம், இது என் மைத்துனன். ஒரு தடவைகூட நான் என் நண்பனைப் போய்ப் பார்க்கலை. எல்லாக் கையெழுத்தும் நான் போட்டது. என்ன தண்டனையோ கொடுங்க. இப்பவே போய் அவன் கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வர்றேன்."

அதிகாரி திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"அவர் ஏழு மாசத்துக்கு முன்னாடியே உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துட்டார் சார். காரணம்னு கேட்ட இடத்துல, 'அஞ்சு மாசமா என் பாரத்தைக் கேட்க ஒருத்தன் வருவான்னு உட்கார்ந்திருந்தேன், இனிமே முடியலை'ன்னு எழுதியிருக்கார்."