லிஃப்ட் மெக்கானிக்கின் படிக்கட்டு

“லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்த ஆளு எதுக்குய்யா எட்டு மாடியும் படியேறி வர்றே?”

கேட்டவர் எட்டாம் மாடிக்காரர். மெக்கானிக் மூச்சிரைத்தபடி, “உடம்புக்கு நல்லதுங்க” என்றான்.

உண்மை வேறு. நான்கு மாதம் முன்பு, இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள், கும்மிருட்டில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டான். பதினெட்டு வருடம் அவனுக்குச் சோறு போட்ட பெட்டி, அன்றிலிருந்து சவப்பெட்டியாகத் தெரிந்தது.

பயத்தை விரட்ட மூச்சை எண்ணிப் பார்த்தான், தலை சுற்றியது. மாத்திரை போட்டான்; ஸ்பேனரைப் பிடித்தபடியே தூங்கிப்போனான். கடைசியில், உள்ளே ஏறிச் சோதிப்பதிலிருந்து தப்பிக்க, நன்றாக ஓடிய லிஃப்டுகளிலும் ‘பழுது’ என்று பலகை மாட்டினான். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி ஐந்து மாடி ஏறி, வாசற்படியில் மயங்கி விழுந்தாள்.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

“தாயும் பிள்ளையும் நல்லாருக்காங்களாம்” என்றாள் மனைவி. “நீங்கதான் நல்லா இல்ல. வாங்க, யாரையாவது போய்ப் பார்ப்போம்.”

மனநல ஆலோசகரின் அறை ஆறாவது மாடியில் இருந்தது. மனைவி லிஃப்டில் போனாள். அவன் படியேறி வந்து சேர்ந்தான்.

“இந்தப் பயம் எப்ப சார் போகும்?”

“போகாமலும் இருக்கலாம். அது போனப்புறம்தான் ஏறுவேன்னா காலம் பூரா படிதான். சரி, உங்களுக்கு எது முக்கியம்?”

வாசற்படியில் மயங்கி விழுந்தவள் நினைவுக்கு வந்தாள். “என்னால இனி யாரும் படியேறக் கூடாது சார்.”

“அப்ப அதுக்காக, பயத்தையும் கூட்டிக்கிட்டு ஏறுங்க. விரட்டாதீங்க. அதுபாட்டுக்கு ஒரு ஓரமா நிக்கட்டும்.”

ஆறு வாரம் பேசினார்கள். ஏழாவது வாரம் ஆலோசகர் எழுந்தார். “வாங்க, நானும் வர்றேன்.”

லிஃப்ட் கதவு மூடியது. பயமும் உள்ளே ஏறியிருந்தது. அவன் எதையும் எண்ணவில்லை, எதையும் விரட்டவில்லை. ஆலோசகரின் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டான். கோர்த்த கைகள் கீழே வந்து சேரும்வரை நடுங்கின. கதவு திறந்தபோது அவன் அழுதுகொண்டிருந்தான். ஆலோசகர் முகம் கழுவப் போனார்.

“ரொம்ப நடுங்கிட்டேண்ணே” என்றான் வாசல் காவலாளியிடம், கண்ணைத் துடைத்தபடி. “பாவம், சார் கையும் சேர்ந்து ஆடிப்போச்சு.”

காவலாளி ஆலோசகர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரு மூணு வருஷமா படியிலதாம்ப்பா ஏறி இறங்குறாரு. லிஃப்டுல வந்து இன்னிக்குத்தான் பார்க்கிறேன்.”