காயிலண்ணன் சொன்ன இங்கிலீஷ் படம்

இங்கிலீஷ் தெரியாமல் இங்கிலீஷ் படத்துக்குக் கதை சொல்வதில் காயிலண்ணனை மிஞ்ச இந்தப் பூமியில் ஆள் பிறக்கவில்லை. இனிமேல் பிறந்தாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூர் காந்திபுரத்தில் ஒரு மாத வாடகை லாட்ஜில், ஒரே ஒரு படத்துக்கு அவர் பதினோரு ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு கதை சொன்னார். பதினோரு தடவையும் நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். எங்கள் ஊரில் அதைக் காயில் கட்டுவது என்போம். சொந்தப் பெயர் லாட்ஜ் ரிஜிஸ்டரில் இருந்தது. அந்த ரிஜிஸ்டரை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. கிணத்துக்கடவுப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தைந்து, ஒற்றை ஆள். காயில் சுற்றும்போது எண்ணிக்கை தப்பிவிட்டால், எத்தனை சுற்று ஆகியிருந்தாலும் மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். மோட்டாரைக் கொடுத்துவிட்டு நாலு நாள் காத்துக் கிடக்கும் விவசாயிகள் அவரை வாய் நிறையத் திட்டுவார்கள். கொங்கு நாட்டுத் திட்டல்தானே, அதிலும் வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க' இருக்கும்.

லாட்ஜ் நடத்தியவர் கோட்டைமேட்டுக்காரர். நாங்கள் பாய் என்போம். துபாயிலிருந்து திரும்பிய உறவுக்காரரிடம் பழைய வீடியோ டெக் ஒன்றை வாங்கி வந்து கீழே ஆபீஸ் ரூமில் வைத்தார். அதற்குள்ளேயே ஒரு கேசட் இருந்தது. வேறு கேசட்டை அந்த டெக் பார்த்ததே கிடையாது. வாடகைக் கேசட்டில் பூஞ்சை இருக்கும், போட்டால் ஹெட் போய்விடும் என்று பாய் பிடிவாதமாக இருந்தார். ஆகவே ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு மேல் அந்த ஒரே படம்தான்.

படத்தில் சாம்பல் நிற உடுப்புப் போட்ட ஒருவன் பறக்கிறான். மொட்டைத் தலை வில்லன் ஒருவன் கழுத்து வரைக்கும் இரும்புப் பட்டை போட்டுக்கொண்டு, உயரமான டவர் மேல் ஒரு பெரிய மிஷினை வைத்து ஊர் கரண்டையெல்லாம் உறிஞ்சப் பார்க்கிறான். ஒரு பெண் இருக்கிறாள், கட்டிலில் ஒரு கிழவர் சாகிறார், கடைசியில் டவர் இடிந்து வில்லன் போய்ச் சேருகிறான். நாங்கள் கண்ணால் கண்டது இவ்வளவுதான். பேசியது ஒரு எழுத்துகூட விளங்கவில்லை. எங்களில் இங்கிலீஷ் படித்தவர் மெடிக்கல் ரெப் ஒருவர். அவருக்கே மாத்திரைப் பெயர்களைத் தாண்டி எதுவும் பிடிபடவில்லை. அப்போதுதான் காயிலண்ணன் எழுந்து, நியூஸ் பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு டிவி பக்கத்தில் நின்றார். கொச்சித் துறைமுகத்தில் மூன்று வருடம் கப்பல்காரர்களோடு இருந்தாராம். கம்பி வாங்க ஒரே ஒரு நாள் கொச்சிக்குப் போய் வந்த விஷயம் எங்களுக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

முதல் வாரக் கதையில் வில்லன் வில்லனாகத்தான் இருந்தான். ஆனால் மரியாதையான வில்லன். பறப்பவனின் கழுத்தைப் பிடித்து அவன் உறுமியதற்குக் காயிலண்ணன் சொன்ன அர்த்தம்:

"ஏனுங்க, உங்களக் கொல்லோணுமுங்க. கொஞ்சம் அசையாம நில்லுங்க."

பறப்பவனும் விட்டுக்கொடுக்கவில்லை. அதெல்லாம் முடியாதுங்க, மன்னிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டுத்தான் உதைத்தான்.

இரண்டாம் வாரம் வில்லன் மேல் அவருக்குத் தொழில் பாசம் வந்துவிட்டது. டவர் மேலிருந்த மிஷினைப் பேப்பரால் தொட்டுக் காட்டி, ஒரு சுற்று பிசகாமல் கட்டியிருக்கிறார் பாருங்கள், இப்படிக் கட்டத் தெரிந்தவன் கெட்டவனாக இருக்க முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து வில்லன் 'அவன்' போய் 'அவர்' ஆனார். அவரை நல்லவராக்க ஆக்கக் கதை தறிகெட்டு ஓடியது. பாலத்தைக் குண்டு வைத்துத் தகர்க்கிறாரே என்று ரெப் கேட்டதற்கு, பழைய பாலம், சனங்கள் விழுந்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே இடிக்கிறார் என்று பதில் வந்தது. கரண்டை உறிஞ்சுவது ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து தண்ணீர் ஏற்றவாம். போலீஸ்காரர்கள் ஏன் சுடுகிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார்.

நாலாம் வாரம் அந்தப் பெண் வில்லனுடைய தங்கையானாள். ஐந்தாம் வாரம் பறப்பவன் அவள் புருஷன் ஆகிவிட்டான். இதில்தான் லாட்ஜே உருண்டு புரண்டு சிரித்தது. வீட்டுக்குத் தெரியாமல் தங்கை கட்டிக்கொண்டது ஊர் பேர் தெரியாத, வானத்திலிருந்து பறந்து வந்த ஒரு மாப்பிள்ளையை. நம்ம ஆளுங்க இல்லையே என்று அண்ணனுக்குக் கோபம். ஆகாயத்தில் நடந்த சண்டை முழுக்கக் குடும்பத் தகராறாக மாறியது. "மாப்பிள்ளை, பறந்துட்டே பேசாதீங்க, எறங்கி வந்து பேசுங்க" என்று வில்லன் கெஞ்சினார்.

அப்படியானால் சொந்தத் தங்கையை ஏன் சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறார் என்று ரெப் மடக்கினார். காயிலண்ணன் பேப்பரால் அந்தச் சங்கிலியைத் தொட்டுக் காட்டினார்.

"கோவத்துல அண்ணன்மாரு செய்யறதுதானுங்க."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

ஏழாம் வாரம் கட்டிலில் கிழவர் சாகிற இடம் வந்தது. வில்லன் ஒரு டெலிபோன் பக்கத்தில் நிற்கிறான். ரிசீவரை எடுக்கிறான், வைக்கிறான். கிழவர் வில்லனின் அப்பா என்று காயிலண்ணன் ஆரம்பித்தார். அப்பா மூன்று நாளாக மகள் பெயரைச் சொல்லிக்கொண்டே கிடக்கிறார் என்றார். "ஒரு போன் பண்ணியிருந்தாப் போதுமுங்க" என்றார். அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. படம் பாட்டுக்கு ஓடி முடிந்தது. அவருக்கு வயிறு சரியில்லை என்று பாய் சோடா வாங்கி வரச் சொன்னார்.

அடுத்த நாள் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அவர் தானாகவே என்னிடம் சொன்னார். அவருக்கு ஒரே தங்கை. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு தாராபுரம் போய்விட்டாள். அப்பாவும் அவரும் அவள் பேச்சையே எடுப்பதில்லை. ஆனால் சாகக் கிடந்த மூன்று நாளும் அப்பா அவளைத்தான் கேட்டார். தந்தி கொடுக்கப் போஸ்டாபீஸ் வாசல் வரைக்கும் போன இவர், அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். பஸ்ஸில் யாரோ சொல்லித் தங்கைக்குத் தெரிந்து அவள் ஓடி வந்தபோது சாம்பல்கூட ஆறிவிட்டது. வாசலில் நின்றவளை உள்ளே வா என்று இவர் கூப்பிடவில்லை. புருஷன் அவளைப் பஸ்ஸில் உட்கார வைத்துத் திரும்பக் கூட்டிப்போனான். அந்த வீட்டில் அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை என்று இவரும் கதவைப் பூட்டிவிட்டுக் கோயமுத்தூர் வந்துவிட்டார்.

"அவகிட்ட ஒரு வார்த்தை, பண்ணினது தப்புன்னு சொல்லிப்போட்டாப் போதுங்க கண்ணு. எந்த மொகத்த வெச்சுட்டுப் போறது" என்றார்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பம்ப் செட் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். எந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லத் தெரிந்த எனக்கு, இதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் மற்றவர்கள் சிரித்த இடங்களில் என்னால் சிரிக்க முடியவில்லை.

பதினோராம் வாரம் கதை உச்சத்துக்குப் போனது. டெலிபோன் இடத்தில் வில்லன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வாய் விட்டுச் சிரிக்கிறான். காயிலண்ணன் சொன்னார், போன் பண்ணிப்போட்டாருங்க. தங்கச்சி ஓடி வந்தா. அப்பன் கையப் புடிச்சுட்டா. படத்தில் அந்த இடத்தில் தங்கையும் இல்லை, கையும் இல்லை. ரெப்பால் பொறுக்க முடியவில்லை. சட்டென்று திரும்பி, வாசலில் நின்ற ஓர் ஆளைப் பார்த்து, சார், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா, அவன் என்ன சொல்கிறான் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்.

அந்த ஆள் எப்போது வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது. ஒல்லியாக, குட்டையாக, வியர்த்த சட்டையோடு, கையில் ஒயர் கூடை. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் என்று தயங்கிச் சொன்னார். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேப்பர் சுருளோடு முதுகு காட்டி நின்ற காயிலண்ணனையும் பார்த்தார்.

"அவர் சொல்றதுதானுங்க சரி" என்றார்.

குரலைக் கேட்டதும் காயிலண்ணன் திரும்பினார். கையிலிருந்த பேப்பர் நழுவியது. "மாப்பிள்ளை" என்றார். ஏழு வாரமாக ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்த மனுஷன் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து எங்கள் எதிரில் நின்றார்.

"பாப்பாளுக்குக் காது குத்தோணுமுங்க மச்சான். ஆறு வயசாச்சு. தாய்மாமன் மடியில்லாம வேண்டாம்னு உங்க தங்கச்சி சொல்லிப்போட்டா. நீங்க எங்க இருக்கறீங்கன்னு தெரியாமத்தான் இத்தன நாளு."

காந்திபுரத்திலும் உக்கடத்திலும் இருந்த ஒவ்வொரு காயில் கடையாக ஏறி இறங்கி அவர் விசாரித்து வந்திருக்கிறார். விசாரித்தபோது யாரோ, எண்ணிக்கை தப்பினால் பிரித்துப் போடுகிறவரா என்று கேட்டு வழி சொன்னார்களாம்.

தனியாகப் போகக் காயிலண்ணனுக்குத் தைரியமில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தாராபுரத்தில், அமராவதிக் கரையோரக் கோயில் ஒன்றில் காது குத்து. கொலுசு, பாவாடை, தேங்காய், பழம் என்று ஒரு மாமன் கொண்டு போக வேண்டிய எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கி வந்திருந்தார். பாப்பாள் பழக்கமே இல்லாத அந்த மடியில் ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தாள். ஆசாரி குத்தியதும் அவள் அவர் மீசையைப் பிடித்து இழுத்துக் கத்தினாள். அவள் இரண்டு நிமிஷத்தில் அழுகையை நிறுத்திவிட்டாள். அவர் நிறுத்தவில்லை.

தங்கை நல்ல உயரம். அவரைப் போலவே முகம். அவர் கொண்டு வந்த தட்டை வாங்கிக்கொண்டாள், தலை குனிந்து. பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மகளைக் கூப்பிட்டு, மாமனுக்கு ரசம் வேணுமான்னு கேளு சாமி என்றாள். மாமன் இரண்டடி தூரத்தில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அவர் எழுந்து அவள் எதிரில் போய் நின்றார்.

"அம்மணி, நான் பண்ணினது" என்று ஆரம்பித்தார்.

அவள் அவசரமாகக் குனிந்து பாத்திரங்களை எடுத்தாள். "மாமனுக்கு ஆறு மணிக்குப் பஸ்ஸுன்னு சொல்லு சாமி" என்றாள்.

பஸ் ஸ்டாண்டில் மாப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோபம் எல்லாம் இல்லை என்றார். அண்ணனைப் பார்த்தால் அப்பாவிடம் கடைசியாகப் பேசாமல் போனது ஞாபகம் வந்து அவளுக்கு வாய் வருவதில்லையாம். நான் அதைக் காயிலண்ணனிடம் சொன்னேன். கோயமுத்தூர் வரும் வரைக்கும் அவர் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

பின்னால் பாப்பாளின் சடங்கு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அவருக்கு அழைப்பு வந்தது. மாமன் சீர் எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்தார். தங்கை மட்டும் கடைசி வரைக்கும் பேசவில்லை என்று, அவர் இறந்துபோன பிறகு மாப்பிள்ளை எனக்குக் கடிதம் எழுதினார். அவர் சாகக் கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் தங்கை மூன்று நாள் உட்கார்ந்திருந்தாளாம். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு போட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது காது குத்துக்கு அடுத்த ஞாயிறைப் பற்றி. காயிலண்ணன் வழக்கம்போல் எழுந்து நின்றார். பேப்பரைச் சுருட்டவில்லை. இவன் கெட்டவன், இவன் நல்லவன், கெட்டவன் கரண்டைத் திருடுகிறான், நல்லவன் தடுக்கிறான் என்று கதையைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். அவர் சொன்ன கதையும் படமும் முதல் தடவையாக ஒத்துப்போயின. ரெப்கூடத் தலையாட்டினார். தங்கச்சி எங்கே அண்ணா என்று கேட்டுவிட்டேன்.

"படத்துல தங்கச்சியே இல்லீங்க கண்ணு" என்றார்.

படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீளமான ஒரு பாதையில் போய்க்கொண்டிருந்தாள். நான் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றேன். அவ கோவிச்சுட்டுப் போகலீங்க என்று ஆரம்பித்தேன். அண்ணன் சொல்ல வந்தது அவளுக்குத் தெரியுமுங்க. வாய்தான் வரலீங்க. அவளும் இப்ப அழுதுட்டுத்தான் போறாளுங்க.

காயிலண்ணன் மெதுவாகத் தரையில், நான் எழுந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"நெம்பத் தப்பாச் சொல்றீங்க கண்ணு" என்றார். சம்மணத்தைச் சரியாகப் போட்டுக்கொண்டு, "செரி, மேல சொல்லுங்க" என்றார்.

படம் முடிந்து திரையில் வெறும் புள்ளிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. பாய் டெக்கை அணைக்கவில்லை, ரெப் குறுக்கே பேசவில்லை. அந்தப் புள்ளிகளைக் காட்டிக்கொண்டே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.